வெளிநாட்டில் தொடர் போச்சு: தோல்விக்கு மறுநாள் ரசிகர்கள் கேட்கும் கேள்விகள்

2024-25 பார்டர்-கவாஸ்கர் டெஸ்ட் தொடரை இந்தியா 1-3 என்று ஆஸ்திரேலியாவிடம் பறிகொடுத்தது. பெர்த்தில் 295 ரன் வித்தியாசத்தில் ஜெயித்துத் தொடங்கிய அணி, அடிலெய்டில் பத்து விக்கெட்டில் தோற்றது, பிரிஸ்பேனில் டிரா செய்தது, மெல்போர்னில் 184 ரன்னிலும் சிட்னியில் ஆறு விக்கெட்டிலும் விழுந்தது. இது புதிய கதை இல்லை. 2011 இங்கிலாந்தில் 0-4, அதே சீசனில் ஆஸ்திரேலியாவில் 0-4, 2014 இங்கிலாந்தில் 1-3, 2018 இங்கிலாந்தில் 1-4. ஒவ்வொரு முறையும் டீக்கடையிலும் வாட்ஸ்அப் குரூப்பிலும் கிளம்பும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். பதில்கள் கீழே.

யாரால தோத்தோம்? ஒரே பேரா சொல்லுங்க.

ஒரே பெயரில் அடங்கிவிடும் தோல்வி டெஸ்டில் அபூர்வம். 2024 மெல்போர்ன் டெஸ்டையே எடுத்துக்கொள்ளுங்கள். எல்லோருக்கும் நினைவில் நிற்பது ஐந்தாம் நாள் கடைசி செஷன்தான். 340 என்ற இலக்கு, தேநீர் இடைவேளையில் 3 விக்கெட்டுக்கு 112, ஜெய்ஸ்வாலும் ரிஷப் பந்த்தும் நின்று ஆடிக்கொண்டிருக்கிறார்கள், டிரா கைக்கெட்டும் தூரத்தில். பகுதிநேரப் பந்துவீச்சாளரான டிராவிஸ் ஹெட்டைத் தூக்கியடிக்கப் போய் ரிஷப் பந்த் லாங்-ஆனில் கேட்ச் கொடுத்தார். அதன் பிறகு சீட்டுக்கட்டு மாதிரி சரிவு. 121-க்கு 3 என்று இருந்தது 155-க்கு ஆல் அவுட். கடைசி ஏழு விக்கெட்டுக்கு 34 ரன். அன்று இரவு முழுக்கத் திட்டு வாங்கியவர் பந்த்.

ஆனால் ஒரு நாள் பின்னால் போய்ப் பாருங்கள். முதல் இன்னிங்ஸில் 105 ரன் முன்னிலையோடு இரண்டாவது இன்னிங்ஸ் ஆடிய ஆஸ்திரேலியா 173-க்கு 9. கடைசி விக்கெட் அப்போதே விழுந்திருந்தால் இலக்கு 279. நேதன் லயனும் ஸ்காட் போலண்டும் அந்தக் கடைசி விக்கெட்டுக்கு 61 ரன் சேர்த்தார்கள். நான்காம் நாள் முடியும் நேரத்தில் பும்ரா பந்தில் லயன் கேட்ச் ஆனார், பார்த்தால் நோ-பால். அதே நாளில் ஜெய்ஸ்வால் மூன்று கேட்ச் விட்டார். அதில் ஒன்று லபுஷேன் 46-ல் இருந்தபோது, அவர் 70 எடுத்துவிட்டுப் போனார். அதே ஜெய்ஸ்வால்தான் மறுநாள் 84 ரன் அடித்து, ஸ்னிக்கோவில் (பந்து பேட்டில் உரசும் சத்தத்தைக் காட்டும் கருவி) சலனமே காட்டாத ஒரு பந்துக்கு மூன்றாவது நடுவரால் அவுட் கொடுக்கப்பட்டார். இப்போது சொல்லுங்கள், யாரால் தோற்றோம்?

அப்ப ஸ்கோர்கார்டுல எதைப் பார்க்கணும்?

பேட்ஸ்மேன்களின் ரன்னைக் கடைசியில் பாருங்கள். முதலில் பார்க்க வேண்டியது எதிரணியின் கடைசி மூன்று விக்கெட் எவ்வளவு சேர்த்தது என்பது. வெளிநாட்டுத் தோல்விகளில் நம் ஆட்கள் அதிகம் கோட்டைவிடுவது அங்கேதான். 7 விக்கெட்டுக்கு 180 என்று இருந்தவர்கள் 280 வரை போயிருந்தால், மேட்ச் பாதி அங்கேயே கைநழுவிவிட்டது. வாலை, அதாவது இந்தக் கடைசி ஆட்டக்காரர்களை, நறுக்க ஆள் இல்லாமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் களைப்பு. முதல் இரண்டு வேகப்பந்து வீச்சாளர்கள் ஓய்ந்துவிடுவார்கள், மூன்றாவது நான்காவது ஆள் ரன்னைக் கட்டுப்படுத்தாமல் விட்டிருப்பார்.

அடுத்து பந்துவீச்சுப் பகுதியில் ஓவர் எண்ணிக்கை. 2024-25 தொடரில் பும்ரா 150 ஓவருக்கு மேல் வீசி 32 விக்கெட் எடுத்தார், சராசரி 13.06. அந்த ஒரு வரியே அணியின் பலத்தையும் பலவீனத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது. சிட்னியில் முதுகுப் பிடிப்பால் இரண்டாவது இன்னிங்ஸில் அவரால் பந்தே வீச முடியவில்லை. ஆஸ்திரேலியா 162 ரன் இலக்கை நான்கு விக்கெட் மட்டும் இழந்து தாண்டியது.

மூன்றாவது, விக்கெட் விழுந்த வரிசை. 2020 டிசம்பர் 19 அன்று அடிலெய்டில் 36-க்கு ஆல் அவுட் ஆன இன்னிங்ஸில், ஸ்கோர் 15-ல் நிற்கும்போதே நான்கு விக்கெட் போயிற்று. மொத்தம் 21.2 ஓவர், ஒருவர்கூட இரட்டை இலக்கம் தொடவில்லை. இப்படி ஒரே கொத்தாக விழுந்தால், ஒருத்தரின் மோசமான ஷாட்டைவிட அந்த நேரத்துப் பந்தையும் பிட்ச்சையும் பற்றித்தான் யோசிக்க வேண்டும். மாறாக இருபது, முப்பது, நாற்பது என்று ஆளாளுக்குத் தொடங்கிவிட்டு அவுட் ஆகியிருந்தால், அது பேட்ஸ்மேன்களின் பொறுமைக் கணக்கு. அப்போது திட்டலாம், தப்பில்லை.

கடைசியாக, நாம் எத்தனை ஓவர் ஆடினோம் என்பது. இரண்டு இன்னிங்ஸும் சேர்ந்து 130 ஓவர்கூடத் தாண்டாவிட்டால், நம் பந்துவீச்சாளர்கள் ஓய்வெடுக்க நேரமே கிடைத்திருக்காது.

இங்க சதமா அடிக்கிறவங்க அங்க போனா ஏன் திணறுறாங்க? வீட்டில் புலி வெளியில் எலியா?

பந்தே வேறு. இந்தியாவில் எஸ்.ஜி., இங்கிலாந்தில் டியூக்ஸ், ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் தென்னாப்பிரிக்காவிலும் கூக்கபுரா. டியூக்ஸில் ஆறு வரிசைத் தையலும் கையால் தைத்தது, சீம் புடைத்து நிற்கும், மேகமூட்டம் இருந்தால் நாற்பது ஓவர் ஆன பிறகும் வளையும். கூக்கபுராவில் நடு இரண்டு வரிசைதான் கைத்தையல், மற்றவை இயந்திரத் தையல். முதல் பதினைந்து இருபது ஓவர் கடிக்கும், பிறகு சாதுவாகும் என்பது பழைய கணக்கு. புல் விட்ட பிட்ச்களில் இப்போது அந்த நிம்மதியும் இல்லை. 80 ஓவரில் புதுப்பந்து வந்தால் கதை மறுபடி முதலிலிருந்து.

பிட்ச் அடுத்தது. நம் ஊர் ஆடுகளத்தில் குட் லெங்த்தில் (லெங்த் என்பது பந்து குத்தும் தூரம்) விழும் பந்து முழங்கால் உயரத்துக்கு வரும். முன்காலை நீட்டி, எழும் வழியிலேயே கவர் டிரைவ் அடித்துவிடலாம். அதே லெங்த் பெர்த்திலோ பிரிஸ்பேனிலோ இடுப்புக்கு வரும். அதே டிரைவுக்குப் போனால் பேட்டின் மேல் விளிம்பில் பட்டு ஸ்லிப்புக்குப் போகும். ஆஸ்திரேலியாவில் நன்றாக ஆடுபவர்கள் லெங்த்தைப் பார்த்தே பந்தை அடிக்காமல் விடுவார்கள், ஸ்டம்ப்புக்கு நேரே வந்தாலும் மேலே போய்விடும் என்று நம்பி. இங்கிலாந்தில் அந்த தைரியம் கூடாது. அங்கே லைன், அதாவது பந்து வரும் திசை, பார்த்து விட வேண்டும், பேட்டை உடம்புக்குப் பக்கத்தில் வைத்துத் தாமதமாக ஆட வேண்டும்.

கோலிக்கு ஆஃப் ஸ்டம்ப்புக்கு வெளியே என்னதான் பிரச்சினை?

2024-25 தொடரில் ஒன்பது இன்னிங்ஸ், 190 ரன். பெர்த் டெஸ்டில் அவுட் ஆகாமல் அடித்த 100-ஐக் கழித்தால் மீதி எட்டு இன்னிங்ஸில் 90. எட்டு முறையும் கீப்பரிடமோ ஸ்லிப்பிலோதான் கேட்ச். நான்காவது ஐந்தாவது ஸ்டம்ப் லைனில், அதாவது ஆஃப் ஸ்டம்ப்புக்குச் சற்று வெளியே, விழும் பந்தை, கிரீஸுக்கு வெளியே நின்று முன்காலில் துரத்துவதுதான் விஷயம். ஸ்விங் ஆவதற்கு முன்பே போய்த் தொடலாம் என்பது அந்த உத்தியின் நோக்கம். பந்து கூடுதலாக எழும் பிட்ச்சில் அதுவே வினை.

2014 இங்கிலாந்துத் தொடரில் பத்து இன்னிங்ஸில் 134 ரன் எடுத்தவரும் இதே கோலிதான், 2018-ல் அதே நாட்டில் 593 ரன் குவித்தவரும் இதே கோலிதான். ஒரு தொடரை வைத்து ஆளை முடித்துக்கட்டுவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இது போதும். ஆனால் 36 வயதில் அதே தவறு எட்டு முறை வந்தால் ரசிகர் கேள்வி கேட்கத்தான் செய்வார். அது நியாயம்.

அஸ்வினை ஏன் எடுக்கல?

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி இல்லாமல் ஒரு வெளிநாட்டுத் தொடரும் முடிந்ததில்லை. 2021 இங்கிலாந்துப் பயணத்தில் அந்தக் கோடையில் நடந்த நான்கு டெஸ்டிலும் பெஞ்ச். 2023 ஜூனில் ஓவலில் நடந்த உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதியிலும் பெஞ்ச், இந்தியா 209 ரன்னில் தோற்றது. 2024-ல் பெர்த்தில் வாஷிங்டன் சுந்தர், அடிலெய்டில் அஸ்வின், பிரிஸ்பேனில் ஜடேஜா என்று சுழற்பந்து வீச்சாளர் இடம் சுழன்றுகொண்டே இருந்தது. பிரிஸ்பேன் டெஸ்ட் முடிந்த டிசம்பர் 18 அன்று, 537 விக்கெட்டோடு அஸ்வின் ஓய்வை அறிவித்துவிட்டார்.

நிர்வாகத்தின் வாதம் இது: நான்கு வேகப்பந்து வீச்சாளர் ஆடினால் ஒரே ஒரு சுழற்பந்துக்குத்தான் இடம், அந்த ஆள் ஏழாம் இடத்தில் ரன்னும் எடுக்க வேண்டும், ஜடேஜா இடதுகை பேட்ஸ்மேன் வேறு. வாதத்தில் அர்த்தம் இருக்கிறது. ஆனால் எதிரணி டாப் ஆர்டரில் இடதுகை பேட்ஸ்மேன்கள் வரிசைகட்டி நிற்கும்போது, அவர்களுக்குப் பந்தை வெளியே திருப்புகிற ஆஃப் ஸ்பின்னரை உட்கார வைப்பது பேட்டிங் பயத்தில் எடுத்த முடிவு என்றுதான் சொல்ல வேண்டும்.

எல்லாத்துக்கும் ஐபிஎல்தானே காரணம்?

பாதி உண்மை. 2011-ஐப் பாருங்கள். ஏப்ரல் 2 உலகக் கோப்பை இறுதி, ஏப்ரல் 8 ஐபிஎல் தொடக்கம், மே 28 ஐபிஎல் இறுதி, ஜூனில் வெஸ்ட் இண்டீஸ், ஜூலை 21 லார்ட்ஸ் டெஸ்ட். முதல் நாளிலேயே ஜாகிர் கான் 13.3 ஓவர் வீசிவிட்டுத் தொடைப் பிடிப்போடு வெளியேறினார், தொடரில் திரும்பவே இல்லை. தோள் அறுவைசிகிச்சை முடிந்து மூன்றாவது டெஸ்டுக்கு வந்த சேவாக், எட்ஜ்பாஸ்டனில் இரண்டு இன்னிங்ஸிலும் முதல் பந்திலேயே அவுட். அதே டெஸ்டில் குக் 294 அடித்தார், இங்கிலாந்து 7 விக்கெட்டுக்கு 710, இன்னிங்ஸும் 242 ரன்னும் தோல்வி. டெஸ்ட் தரவரிசையில் உலகின் முதலிடமும் அன்றே பறிபோனது. மூன்று சதத்தோடு 461 ரன் எடுத்து நின்றவர் டிராவிட் ஒருவர்தான்.

மறுபக்கம், 2021 ஜனவரியில் பிரிஸ்பேன் காபாவில் ஜெயித்த அணியில் நடராஜன் இருந்தார். ஐபிஎல் யார்க்கர்கள்தான் அவரை ஆஸ்திரேலியாவுக்கே அழைத்துப் போயின. ஆகவே ஐபிஎல் என்ற பெயரைவிட, அதற்கும் முதல் டெஸ்டுக்கும் நடுவே எத்தனை நாள் இடைவெளி என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. ஒரு நாளைக்கு நாலு ஓவர் வீசிப் பழகிய உடம்பு இருபது ஓவருக்கு ஒரே வாரத்தில் மாறாது. படிப்படியாக ஏற்றாமல் திடீரென்று ஏற்றினால் தொடையும் முதுகும்தான் முதலில் பிடிக்கும்.

பயிற்சி ஆட்டம் ஆடினா ஜெயிச்சிடுவாங்களா?

உத்தரவாதம் இல்லை, ஆனால் ஆடாததன் விலை தெரிகிறது. 2011-ல் டெஸ்டுக்கு முன் டான்டனில் சாமர்செட்டுடன் ஒரே ஆட்டம். 2018-ல் எசெக்ஸுடன் நான்கு நாள் ஆட்டத்தை மூன்று நாளாக நாமே குறைத்துக்கொண்டோம். 2024-ல் பெர்த்தில் வலைப்பயிற்சியும் தங்களுக்குள்ளேயே ஆடிக்கொண்டதும்தான். பிறகு கான்பெராவில் பிங்க் பந்து ஆட்டம், அதையும் மழை சுருக்கிவிட்டது. வலையில் அவுட் ஆனால் அடுத்த பந்தையும் ஆடலாம். மேட்சில் உடனே பெவிலியன். அந்த பயம்தான் பந்தை விடக் கற்றுக்கொடுக்கும்.

உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப்பில் எவ்வளவு அடி?

வெற்றிக்கு 12 புள்ளி, டை ஆனால் 6, டிராவுக்கு 4, தோல்விக்கு ஒன்றுமில்லை. அட்டவணை வரிசை மொத்தப் புள்ளியை வைத்து அல்ல, கிடைக்கக்கூடிய புள்ளியில் எத்தனை சதவீதம் வாங்கினோம் என்பதை வைத்து. ஐந்து டெஸ்ட் தொடரில் 60 புள்ளி இருக்கிறது. ஒரு வெற்றி, ஒரு டிரா என்றால் 12 + 4 = 16, அதாவது 26.67 சதவீதம். 2024-25 தொடரில் நமக்குக் கிடைத்தது இதுதான். அதற்கு முன் உள்ளூரில் நியூசிலாந்திடம் 0-3 தோற்றதும் சேர்ந்து, 2023-25 சுற்றில் 50 சதவீதத்தோடு மூன்றாம் இடம், இறுதிப் போட்டி போச்சு.

பலர் கவனிக்காத இன்னொன்று: ஓவர் வீசும் வேகம் குறைந்தால், குறைந்த ஒவ்வொரு ஓவருக்கும் ஒரு புள்ளி வெட்டு. 2023 டிசம்பரில் தென்னாப்பிரிக்காவின் செஞ்சூரியனில் இன்னிங்ஸ் தோல்வியோடு இரண்டு புள்ளியும் போனது. பட்ட காலிலே படும்.

தோத்தா சம்பளத்தைப் பிடிப்பாங்களா?

பிடிப்பதில்லை. ஆடும் பதினொருவருக்கு டெஸ்டுக்கு 15 லட்சம் ரூபாய், வென்றாலும் தோற்றாலும் அதே. 2024 மார்ச்சில் வந்த ஊக்கத் திட்டப்படி, சீசனின் டெஸ்டுகளில் 75 சதவீதத்துக்கு மேல் ஆடுபவருக்கு மேட்சுக்கு 45 லட்சம் கூடுதல், பாதிக்கு மேல் ஆடினால் 30 லட்சம். டெஸ்டைத் தவிர்த்துவிட்டு ஐபிஎல்லுக்கு மட்டும் உடம்பைச் சேமிப்பவர்களை இழுக்கத்தான் இது.

தலை உருளுமா?

உருளும், ஆனால் உடனே இல்லை. 1974-ல் இங்கிலாந்தில் 0-3 தோற்று, லார்ட்ஸில் 42-க்கு ஆல் அவுட் ஆன பிறகு அஜித் வடேகரின் கிரிக்கெட்டே முடிந்துபோனது. மூன்று வருஷம் முன்பு அதே இங்கிலாந்தில் முதல்முறையாகத் தொடர் வென்று கொடுத்த கேப்டன் அவர். 2012 ஆஸ்திரேலியத் தோல்விக்குப் பின் மார்ச்சில் டிராவிடும் ஆகஸ்டில் லக்ஷ்மணும் விடைபெற்றார்கள். 2025-ல் பிசிசிஐ பத்து அம்ச விதிகளைக் கொண்டுவந்தது: உள்ளூர்ப் போட்டி ஆடுவது கட்டாயம், எல்லோரும் அணியோடுதான் பயணம், 45 நாளுக்கு மேற்பட்ட பயணத்தில் குடும்பத்தினர் இரண்டு வாரம்தான் தங்கலாம் என்று. ரோஹித்தும் கோலியும் ரஞ்சியில் தலைகாட்டினார்கள். மே மாதம் ஒரே வாரத்துக்குள் இருவரும் டெஸ்டிலிருந்து ஓய்வு, கேப்டன் பதவி ஷுப்மன் கில்லுக்கு.

குடும்பத்தினர் எத்தனை நாள் தங்கினார்கள் என்பதற்கும் ஆஃப் ஸ்டம்ப்புக்கு வெளியே எட்ஜ் கொடுப்பதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் பதில் கிடையாது. ரஞ்சி கட்டாயம் என்ற ஒன்று மட்டும் உருப்படி.

கோபத்தை எங்கேதான் காட்டுறது? மீம் போடலாமா?

தாராளமாக. ஷாட்டைக் கிண்டல் செய்யுங்கள், தேர்வைக் கிழியுங்கள், கேப்டனின் ஃபீல்டிங் அமைப்பை வெட்டி ஒட்டிக் காட்டுங்கள். ஆளின் மதம், மனைவி, குழந்தை என்று போனால் அது கிரிக்கெட் இல்லை. 2021 டி20 உலகக் கோப்பையில் பாகிஸ்தானிடம் தோற்றபோது ஷமியை மதத்தைச் சொல்லித் திட்டினார்கள். அதைக் கண்டித்த கோலியின் கைக்குழந்தைக்கு மிரட்டல் வந்து, ஒருவர் கைதானார். மிரட்டல் பதிவு பாரதிய நியாய சன்ஹிதா 351-வது பிரிவில் குற்றம். "சும்மா ட்ரோல் பண்ணேன்" என்பது அங்கே செல்லாது. அப்படி ஒரு பதிவைப் பார்த்தால் திட்டிப் பகிராதீர்கள், பகிர்ந்தால் இன்னும் ஆயிரம் பேருக்குப் போகும். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு புகார் பொத்தானை அழுத்துங்கள்.

முன்பு இது தெருவில் நடந்தது. 1971 வெற்றிக்காக இந்தூரில் எழுப்பிய பிரமாண்ட கான்கிரீட் பேட்டை, 1974 தோல்விக்குப் பின் ரசிகர்களே தார் பூசி அசிங்கப்படுத்தினார்கள். 2007 உலகக் கோப்பைத் தோல்வியில் ராஞ்சியில் தோனி கட்டிக்கொண்டிருந்த வீட்டைத் தாக்கினார்கள். நம் சேப்பாக்கம் வேறு மாதிரி. 1999 ஜனவரி 31 அன்று, சச்சின் முதுகு வலியோடு 136 அடித்தும் 12 ரன்னில் தோற்ற அன்று, மைதானத்தைச் சுற்றி வந்த பாகிஸ்தான் அணிக்கு மொத்த கேலரியும் எழுந்து நின்று கைதட்டியது.

எப்ப மீண்டு வருவாங்க?

கணக்கு ஒரே மாதிரி இல்லை. 36-க்குச் சுருண்ட அணி ஒரே மாதத்தில் அதே நாட்டில் தொடரையே 2-1 என வென்றது. மெல்போர்னில் எட்டு விக்கெட் வெற்றி, சிட்னியில் விஹாரி 161 பந்தும் அஸ்வின் 128 பந்தும் கட்டை போட்டுக் காப்பாற்றிய டிரா, ஜனவரி 19 அன்று காபாவில் 328-ஐத் துரத்தி மூன்று விக்கெட் வெற்றி. அறிமுக டெஸ்டிலேயே வாஷிங்டன் சுந்தர் 62-ம் 22-ம் எடுத்தது அங்கேதான். ஆனால் 2011-ல் தொடங்கிய சரிவுக்கு அப்படி விடிவு வரவில்லை. 2011 ஜூனில் வெஸ்ட் இண்டீஸின் கிங்ஸ்டனில் ஜெயித்த பிறகு அடுத்த வெளிநாட்டு டெஸ்ட் வெற்றி 2014 ஜூலையில் லார்ட்ஸில், இஷாந்த் சர்மா 74 ரன்னுக்கு ஏழு விக்கெட் எடுத்தபோதுதான். மூன்று வருஷம்.

வித்தியாசம் எங்கே என்றால், 2020-ல் பெஞ்சில் ஆள் இருந்தார்கள். 2011-ல் ஜாகிர் போனதும் அவர் அளவுக்கு இன்னொருவர் இல்லை. அடுத்த பயணத்துக்கு அணி அறிவிக்கும்போது முதல் பதினொன்றைவிட, நான்காவது ஐந்தாவது வேகப்பந்து வீச்சாளர் யார் என்று பாருங்கள்.

அடுத்த தொடருக்கு அலாரம் எத்தனை மணிக்கு?

மெல்போர்ன், சிட்னி டெஸ்ட் நம் நேரம் காலை 5 மணி. பிரிஸ்பேன் 5.50. அடிலெய்டு பகலிரவு ஆட்டம் 9.30, அது அலுவலக நேரம். நியூசிலாந்து விடியற்காலை 4 மணி வாக்கில். தென்னாப்பிரிக்கா பிற்பகல் 1.30 அல்லது 2. இங்கிலாந்து 3.30. ஆஸ்திரேலியாவில் டாஸில் தோற்று பேட்டிங் வந்தால், முதல் ஒரு மணி நேரத்தைத் தூங்கியே கழிப்பது இதயத்துக்கு நல்லது.